அப்பாவின் வழக்கும் அண்ணனின் கோபமும்: குடும்பக் கதையை நாவலாக எழுதினால் வழக்கு வருமா?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் என் அப்பா ஊரில் சீட்டு நடத்தி, பணத்தைத் திருப்பித் தர முடியாமல் சிறைக்குப் போனார். அதனால் நிச்சயம் வரை வந்த என் காதல் கல்யாணம் நின்றுபோனது. அப்பா இப்போது இல்லை. இதை நாவலாக எழுதிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் அண்ணன், ‘குடும்ப மானத்தை வாங்காதே. புத்தகம் வந்தால் போலீசில் சொல்வேன்’ என்கிறார். புத்தகத்தை வெளியிட்டுத் தருவதாகச் சொல்பவர், ‘யாவும் கற்பனையே என்று போட்டால் போதும், வக்கீல் சான்றிதழும் சேர்த்து வாங்கித் தருகிறோம்’ என்று 75,000 ரூபாய் கேட்கிறார். இரண்டு அத்தியாயங்களும் ஒப்பந்த நகலும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது? (வாசகியின் அடையாளம் தெரியாதபடி விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

‘யாவும் கற்பனையே’ என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. உங்கள் குடும்பத்தை அறிந்த ஒருவர் படித்ததும் ‘இது இன்னார்தான்’ என்று சொல்லிவிட முடியுமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் அண்ணன் பாத்திரத்துக்குத் திக்குவாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரைஸ் மில் வைத்திருக்கிறார். பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் ஊர் டீக்கடையில் யாரிடம் கொடுத்தாலும் அரைப் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரோடு தொழில், உடல் அடையாளம், ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். கதைக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

போலீஸ் பயத்தை விடுங்கள். அவதூறு வழக்கில் ஸ்டேஷனில் நேரடியாக எப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டப்படி, புகாரை எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ‘ஸ்டேஷனுக்கு வந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது போன் செய்தால், எழுத்துப்பூர்வமாகச் சம்மன் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பா விஷயத்தில் ஆபத்து குறைவு. இறந்தவரின் நற்பெயரும் அந்தரங்க உரிமையும் சொத்துபோல வாரிசுக்கு வராது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கு அது.

அதைவிட உங்களுக்கு உதவுவது 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. சிறையிலிருந்து அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்றதில் வந்த வழக்கு. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை எழுதினால், அதை அந்தரங்கத்தில் தலையிடுவதாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். பாலியல் குற்றங்களிலும் கடத்தலிலும் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது உங்கள் கதையில் வரவில்லை.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆவணத்தில் இருக்கும் வரைதான் அந்தப் பாதுகாப்பு. அப்பா தண்டிக்கப்பட்டார் என்பது தீர்ப்பில் இருக்கிறது, எழுதலாம். எத்தனை பேர் சீட்டுப் போட்டார்கள், எவ்வளவு தொகை என்பது தீர்ப்பில் இருந்தால் அதையும் எழுதலாம். ஆனால் 11-ஆம் அத்தியாயத்தில், சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை அண்ணன் நெல் மூட்டைக்குள் ஒளித்து வைத்ததாகவும் அந்தப் பணத்தில்தான் மில் வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது எந்தத் தீர்ப்பில் இருக்கிறது? அண்ணன் அந்த வழக்கில் சாட்சிகூட இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் மீது, ஆவணம் இல்லாத ஒரு குற்றத்தைச் சுமத்துகிறீர்கள். வழக்கு வந்தால் இந்த ஒரு அத்தியாயத்தில்தான் வரும். ‘நடந்ததைத்தானே எழுதினேன்’ என்பது குற்றவியல் அவதூறில் போதாது. உண்மை என்று நிரூபிப்பதோடு, பொதுநன்மைக்காக எழுதினேன் என்றும் காட்ட வேண்டும்.

ஆகவே முதலில் அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வழக்கு எண்ணோடு மனுக் கொடுக்க வேண்டும். பழைய கட்டு என்றால் ‘ரெக்கார்டு ரூமில் தேட வேண்டும், அடுத்த வாரம் வாங்க’ என்று அலைய விடுவார்கள். ஒரு குடிமகள் ஒரு தீர்ப்பைப் படித்துப் பார்க்க இத்தனை அலைச்சல் படக்கூடாது, ஆனாலும் விடாதீர்கள்.

அவதூறு இன்னும் சிறைத் தண்டனைக் குற்றமாக இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டத்தையே மாற்றினார்கள், அவதூறுக்கான 499, 500 பிரிவுகள் போய் 356 என்று எண் மாறியது. சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்தார்கள். இரண்டு வருடச் சிறை அப்படியே இருக்கிறது. தண்டனை கிடைப்பது அரிது, ஆனால் வாய்தா வாய்தாவாக அலைவதே எழுதுபவரை ஓய்த்துவிடும். அண்ணனோடு அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்றுதான் 11-ஆம் அத்தியாயத்தை மாற்றச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய காதலர் எழுதிய கடிதங்களை அப்படியே நாவலில் சேர்த்திருக்கிறீர்கள். கடிதத்தாள் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை அவருடையது. அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்க மனமில்லையென்றால் கடிதங்களை நீக்கிவிட்டு, அவற்றைப் படித்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்பதை எழுதுங்கள்.

இனி, 75,000 ரூபாய் கேட்கும் அந்த இடைத்தரகர். நாவலுக்கு ‘வழக்கு வராது’ என்று சான்றிதழ் கொடுக்க எந்த வக்கீலாலும் முடியாது. அப்படி ஒரு சான்றிதழ் சட்டத்திலேயே இல்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு 6,000 ரூபாய் போட்டிருக்கிறார். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ‘காப்பிரைட் எடுத்துத் தர’ 12,000 என்கிறார். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை. ஆதாரத்துக்காகப் பதிவு செய்ய விரும்பினால் அரசுக் கட்டணம் 500 ரூபாய்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தி. ‘திரைப்படம், வெப் சீரிஸ், ஆடியோ, மொழிபெயர்ப்பு உட்பட அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்.’ காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். அது தெரிந்துதான் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சுச் செலவையும் நீங்களே கொடுத்து, உங்கள் அப்பாவின் கதையையும் நிரந்தரமாக எழுதிக் கொடுப்பதா?

தமிழில் அச்சுப் புத்தகம், மூன்று ஆண்டு, இந்தியா மட்டும் என்று அந்தப் பத்தியைத் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். ஓராண்டுக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பதிப்பகம் பாருங்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அதன் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், நோட்டீஸ் எப்படி அனுப்புவது என்று சொல்கிறேன்.