அம்மாவின் தலையில் கட்டி: திறக்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றவர், வலது கை வெட்டி இழுத்துக் கீழே விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடப்பக்கம் 4 செ.மீ. கட்டி, சுற்றிலும் நீர்கோத்திருக்கிறது, மெனிஞ்சியோமா என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். மாமாவோ, "மூளையில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்கிறார். கொடுத்த மாத்திரையில் சர்க்கரை 320க்கு ஏறியதால் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டோம். இது கேன்சரா டாக்டர்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கேன்சரா என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மாத்திரை. இதைப் படித்ததும் உங்கள் டாக்டருக்குப் போன் செய்து, நிறுத்தியதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒன்று வலிப்புக்கு. அதைச் சட்டென்று நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வலிப்பாக வரலாம். இன்னொன்று டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. கட்டியைச் சுற்றி இருக்கும் நீரை வற்றவைப்பது அதுதான். சர்க்கரையை ஏற்றியதும் அதுவாகத்தான் இருக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுச் சமாளிக்கலாம். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி. ராத்திரி போட்டால் தூக்கம் போகும்; பெரும்பாலும் காலையிலும் மதியமும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்போம்.

சாவிக்கொத்து எதற்கும் உதவாது. மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

சரி, மெனிஞ்சியோமா. இது மூளைக்குள் முளைப்பதல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைத்து, வெளியிலிருந்து மூளையை அமுக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம் இதை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறது. பெரும்பாலானவை 1, அதாவது மெதுவாக வளரும், கேன்சர் அல்லாத கட்டி. மாமாவின் மனதில் இருப்பது அநேகமாகக் கிளியோபிளாஸ்டோமா என்கிற வேறு வகைக் கட்டி, தரம் 4 கேன்சர். அது மூளைக்குள்ளேயே வேர்விட்டுப் பரவுகிறது. எங்கே கட்டி முடிகிறது, எங்கே மூளை தொடங்குகிறது என்று மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. இரண்டுக்கும் பொதுவாகக் கட்டி என்ற ஒரே சொல் இருப்பதால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவுடையது எந்தத் தரம் என்பதை, எடுத்த சதையைப் பரிசோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால், எடுக்க வேண்டாம், வருடா வருடம் ஸ்கேன் பார்ப்போம் என்று நானே பலரை அனுப்பியிருக்கிறேன். கத்தியில்லாமல் கதிர்வீச்சால் முடிக்கும் காமா நைஃப் பெரும்பாலும் 3 செ.மீ.க்கு உட்பட்டவற்றுக்குத்தான் பொருந்தும். 4 செ.மீ., நீர்கோத்து, வலிப்பும் வந்தாகிவிட்டது என்றால் நானும் ஆபரேஷன்தான் சொல்வேன்.

உள்ளே என்ன நடக்கும்? எலும்பை ஒரு மூடிபோல எடுத்துவைத்துவிட்டு, முதலில் கட்டியின் நடுவைக் குடைந்து சுருக்குவோம். பிறகு கட்டிக்கும் மூளைக்கும் நடுவே ஈரப் பஞ்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போவோம். நல்ல கட்டியாக இருந்தால், முளைவிட்ட தேங்காயில் பூ தனியாகக் கழன்று வருமே, அப்படி வரும். மணிக்கணக்காக நின்ற கால்வலி மறந்துபோகிற நேரம் அது. முடிந்ததும் எலும்பைத் திரும்ப வைத்து டைட்டேனியத் தகடால் பூட்டுவோம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, வலது கை சில நாள் தளர்வது எல்லாம் வரலாம். பெரிய ரத்தக்குழாய்மேல் கட்டி உட்கார்ந்திருந்தால் ஒரு துணுக்கை விட்டுவைப்போம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "முழுதாக எடுக்க முடியுமா, விட்டால் எதற்காக விடுவீர்கள்?"

மாமாவைக் குறை சொல்லவில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவு தொடங்கியது 1949இல், சென்னையில் ராமமூர்த்தி 1950இல். ஸ்கேனே இல்லாத அந்தக் காலத்துப் பயம் வீடுகளில் இன்னும் தங்கியிருக்கிறது. அடுத்த முறை அவரையும் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று, அம்மா வாய்விட்டுக் கேட்க மாட்டார்: தலைமுடி. மொட்டை அடிக்க வேண்டிய கட்டாயமில்லை. வெட்டுகிற இடத்தில் ஒரு கீற்று மழித்தால் போதும், பல இடங்களில் இப்போது அப்படித்தான். டாக்டரிடம் நீங்களே கேட்டு, அட்மிஷனுக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.