பழைய சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு சிமெண்ட் பூசலாமா?

மதுரை வட்டாரத்தில் இருபது வருடமாகச் சுண்ணாம்புக் கட்டட வேலை பார்க்கிறேன். பழைய வீடு, சாவடி பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மேலூரிலிருந்து: ஐயா, தாத்தா கட்டிய காரை வீடு. சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. போன வருடம்தான் சிமெண்ட் பூசினோம்.

பதில்: சிமெண்ட் பூசியதால்தான் தம்பி. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் தளம் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் காற்றில் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு ஏறிய உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, கடைசியில் செங்கல்லையே மாவாக்குகிறது. சிமெண்டை உளியால் பதமாகக் கொத்தி எடுங்கள், மெஷின் வேண்டாம். சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டாலும் தப்பில்லை. தெருவை மேலே மேலே உயர்த்தியதில் மழைத்தண்ணீர் உங்கள் வாசலுக்குத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் நிற்காது.

சோழவந்தானிலிருந்து: கடுக்காயும் கருப்பட்டியும் கட்டாயமா? எந்த மாதம் பூசலாம்?

பதில்: அடிப்படை, தண்ணீர் விட்டு நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் சுத்தமான மணலும்தான். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் நம் கொத்தனார்கள் வழிவழியாகச் சேர்ப்பவை. நானும் சேர்க்கிறேன், ஆனால் அளவோடு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும், அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் தை, மாசியில் பூசுங்கள். பூசிய சுவர் சீக்கிரம் காயாமலிருக்க ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: மட்டப்பா, அதாவது மொட்டைமாடிக் கூரை, ஒழுகுகிறது. மேலே கான்கிரீட் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: வேண்டாம். தேக்குக் கட்டைகள் மேல் செங்கலை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதித்த கூரை அது. கான்கிரீட் போட்டால் கட்டைக்குத் தாங்காத பாரம். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலும் தட்டோட்டு இடுக்கோ, அடைபட்ட தண்ணீர்க் குழாயோதான் காரணம். கட்டை சுவருக்குள் போகும் நுனியை ஆணியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இருந்தால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

திருமங்கலத்திலிருந்து: சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கலாமா?

பதில்: பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டுங்கள், துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். வேர் பட்டுப்போனதும் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து: எங்கள் ஊர்ச் சாவடியை இடித்துவிட்டு சமுதாயக் கூடம் கட்டலாம் என்கிறார்கள். கூட்டத்தில் என்ன பேசுவது அண்ணே?

பதில்: சாவடியையே கூடமாக்கலாம் என்று பேசுங்கள். ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனைதானே 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது? திருமலை நாயக்கர் மகாலிலும் ஒரு காலத்தில் நீதிமன்றம் நடந்தது. ஆள் புழங்கினால் ஒழுகும் ஓடு யார் கண்ணிலாவது படும். கூட்டத்துக்குப் போகும் முன் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். தூண்களை அளந்து படம் எடுங்கள். கல்வெட்டு இருந்தால் அதன்மேல் வெள்ளையடிக்க விடாதீர்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். முடிவெடுக்க எத்தனை மாதம் ஆனாலும் சரி, ஐப்பசிக்குள் கூரைமேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிடுங்கள்.