641 எப்படி அகப்பட்டது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

4294967297 பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பியதையும், அதைப் பின்னாளில் கணிதவியலாளர் ஆய்லர் 641ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டியதையும் எழுதியிருந்தீர்கள். நான் கால்குலேட்டரில் 100 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். கருவி ஏதுமில்லாத காலத்தில் ஆய்லர் 641 வரை வரிசையாக வகுத்துக்கொண்டே போனாரா?

கே.

அன்புள்ள கே.,

641 என்பது 116ஆவது பகா எண். அதுவரை கையால் வகுத்துச் செல்வது சலிப்பான வேலைதான் என்றாலும் முடியாததல்ல. ஆனால் காரணி ஏதும் கிடைக்காமலே போனால், அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதித்த பிறகுதான் அதைப் பகா எண் என்று சொல்ல முடியும். அப்படியொரு வேலையில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவர் அல்லர் ஆய்லர்.

1729 டிசம்பரில் கணிதவியலாளர் கோல்ட்பாக் தம் கடிதத்தின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் கூற்றைப் பற்றி ஆய்லரிடம் கேட்டிருந்தார். 1732இல் ஆய்லர் முடிவை மட்டும் அறிவித்தார். வழியைப் பின்னர் எழுதிய கட்டுரையில்தான் விளக்கினார். நமது எண் 2³²+1. ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்குமானால், அதனால் 2³²ஐ வகுக்கும்போது மீதி −1 ஆகவும், 2⁶⁴ஐ வகுக்கும்போது மீதி 1 ஆகவும் இருக்கும். 64க்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. இப்படி முதன்முதலில் மீதி 1 தரும் அடுக்கு, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியின்றி வகுத்தாக வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து கிடைப்பது. (ஃபெர்மாவின் கருவியே ஃபெர்மாவின் கூற்றை வீழ்த்தியது என்பதை நான் எப்போதும் ரசிப்பதுண்டு.) ஆகவே 64இன் மடங்குடன் 1 கூட்டிக் கிடைக்கும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடுகிறது.

விடை தெரிந்த பிறகு, நெடிய வகுத்தல் இல்லாமலே அதைச் சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1; அதுவே 5⁴+2⁴. முதல் வடிவத்தின்படி, 641ஆல் வகுக்கையில் 5×2⁷இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸இன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம். அப்போது −2³²இன் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³²+1ஐ 641 மீதியின்றி வகுக்கிறது.

1878இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இந்த வலையை இன்னும் இறுக்கினார்: காரணிகள் 128இன் மடங்குடன் 1 கூட்டியவையாகவே இருக்கும். அந்த வரிசையில் 641க்கு முன்னால் வரும் ஒரே பகா எண் 257. அது 2⁸+1 என்பதால், அதனால் வகுத்தால் நமது எண்ணின் மீதி 2 என்பதை மனக்கணக்காகவே காணலாம்.

உங்கள் கால்குலேட்டருக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 641ஆல் வகுத்தால் கிடைக்கும் 6700417 பகா எண்தானா என்று பாருங்கள். அதன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டுவதால், 641, 769, 1153, 1409 ஆகிய நான்கினால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்.