அலுவலகக் குழுக்களும் கூட்டங்களும் ஏன் இவ்வளவு சலிப்பூட்டுகின்றன? தனியாக வேலை செய்வதுதான் மேலா?

ஒன்றை உருவாக்கும் வேலைக்குத் தனிமை வேண்டும். தீர்ப்புச் சொல்லும் வேலைக்குக் குழு வேண்டும். இதுதான் என் கட்சி. நம் அலுவலகங்களில் இது தலைகீழாக நடப்பதால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்றுக்காக, மாணவர்களிடம் கற்பித்தல் பற்றிக் கருத்துக் கேட்கும் படிவம் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரே பக்கம்தான். அதற்கு ஒரு சுற்றறிக்கை, ஒரு குழு, துறைக்கு ஒரு பிரதிநிதி. கல்லூரிச் சின்னம் இடப்பக்கமா நடுவிலா, கேள்விகள் பத்தா பதினைந்தா, துறைத் தலைவர் கையெழுத்துக்கு எங்கே இடம் விடுவது என்று மதியம் முழுவதும் பேச்சு. இவற்றில் கருத்துச் சொல்ல எந்தத் தயாரிப்பும் தேவையில்லை என்பதால் எல்லோரும் பேசினார்கள். கைப்பைகளை எடுத்துக்கொண்டு எழும் நேரத்தில், கௌரவ விரிவுரையாளரான இளம் ஆசிரியை கேட்டார்: “இதில் மாணவர்கள் பதிவு எண் எழுத வேண்டுமா, சார்? எழுதச் சொன்னால் உண்மையைச் சொல்வார்களா?”

அந்தப் படிவத்தின் உயிரே அந்தக் கேள்விதான். “அதை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்மா” என்றார் தலைமை வகித்தவர். அடுத்த கூட்டமோ முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் திருத்துவதிலேயே கழிந்தது. படிவம் பதிவு எண்ணுக்கான கட்டத்துடன் அச்சாகி வந்தது. மாணவர்கள் மேலிருந்து கீழ்வரை ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்? அகமதிப்பீட்டு மதிப்பெண் எங்கள் கையில் அல்லவா இருக்கிறது! அந்த ஆசிரியையிடம் ஒரு மாலைப் பொழுதை மட்டும் கொடுத்திருந்தால், பயனுள்ள படிவம் ஒன்று கிடைத்திருக்கும்.

இது எங்கள் கல்லூரியின் குறை மட்டும் அல்ல. கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1950களில் பரப்பினார். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 1958இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு பேர் கூடிப் பேசியதில் கிடைத்ததைவிட, தனித்தனியே யோசித்த நான்கு பேரின் பட்டியல்களை ஒன்றுசேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் இருவர் 1987இல் காட்டினார்கள். காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகிறது. மறக்காவிட்டாலும் சொல்லும் துணிவு போய்விடுகிறது. கூட்டத்தின் கடைசி நிமிடத்தில் வாய் திறந்த அந்த ஆசிரியையை நினைத்துக்கொண்டேதான் இதைப் படித்தேன்.

அதற்காகக் குழுவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியர். பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர். இந்த வேலையை ஒரு தனி மனிதரிடம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒப்படைக்கக் கூடாது. கொள்முதலும் அப்படித்தான். அங்கே தாமதம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம், நாலு பேர் பார்த்தார்கள் என்பதே பாதுகாப்பு.

ஆனால் அறிக்கை, படிவம், பாடத்திட்ட வரைவு போன்றவற்றை ஒருவர் எழுதட்டும். அவர் பெயரும் அதில் இருக்கட்டும். மற்றவர்கள் வீட்டில் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதித் தரட்டும். கருத்து வேறுபாடு உள்ள இடங்களுக்காக மட்டும் கூடலாம். எங்கள் துறையில் ஒரு விருப்பப் பாடத்தின் பாடத்திட்டத்தை இப்படித்தான் தயாரித்தோம். கூட்டத்தில் பேச இரண்டாம் அலகு மட்டுமே மிச்சம் இருந்தது. அதை உண்மையாகவே விவாதித்தோம். கருத்துக் கேட்புப் படிவத்தையும் இதே முறையில், பதிவு எண் இல்லாமல், மாற்றி எழுத வேண்டும் என்று முதல்வரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.