உப்பு ஸ்ப்ரேயா, உலர் ஸ்ப்ரேயா? மெல்லிய முடிக்கு எது சரி?

கேள்வி: என் முடி மெல்லியது, நேரானது, தோளுக்குக் கீழே வரும். தலைக்குக் குளித்த அன்றே மண்டையோடு ஒட்டிப் படிந்துவிடும். பார்லரில் முடி வெட்டியபோது ஏதோ டெக்ஸ்சர் ஸ்ப்ரே அடித்துவிட்டார்கள். அன்று முழுக்க முடி அடர்த்தியாகவும் இயல்பாகவும் தெரிந்தது. அந்த ஆசையில் ஆன்லைனில் ஒரு சீ சால்ட் ஸ்ப்ரே வாங்கினேன். காலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் அலுவலகம் போய்ச் சேருவதற்குள் பிசுபிசுப்பு, சிக்கு; முனையெல்லாம் வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கமும் உண்டு. வாங்கியது தவறா, அடிக்கும் முறை தவறா? தினமும் அடிக்கலாமா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம் வேறு. என் பின்னலில் பூ நிற்பதே இல்லை.
– வாசகி, வேளச்சேரி

பதில்: வாங்கியதுதான் முதல் பிரச்சினை. அந்த ஸ்ப்ரே மோசமானது என்று சொல்லவில்லை. உங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துவராது. பார்லரில் உங்களுக்கு அடித்தது அநேகமாக வேறு வகை. இரண்டுக்கும் டப்பாவில் 'டெக்ஸ்சர்' என்றே எழுதியிருப்பார்கள் என்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது.

இந்த ஸ்ப்ரேக்கள் முடியில் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்துவிடலாம். நம் தலைமுடியின் குறுக்களவு பொதுவாக 50 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். உங்களைப் போன்ற மெல்லிய முடி அதில் கீழ் எல்லையை ஒட்டி இருக்கும். மெல்லிய முடி எளிதில் வளையும். நேராகவும் வழவழப்பாகவும் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி அப்படியே படிந்துவிடும். டெக்ஸ்சர் ஸ்ப்ரே முடிகளின் மேல் நுண்ணிய துகள்களை விட்டுச்செல்கிறது. முடிக்கும் முடிக்கும் இடையே உராய்வு கூடுவதால் அவை சறுக்காமல் கொஞ்சம் விலகி நிற்கின்றன. கண்ணுக்கு அடர்த்தி தெரிவது இதனால்தான். ஹேர் ஸ்ப்ரே செய்யும் வேலை வேறு. அது முடிகளை ஒன்றோடொன்று ஒட்டி, போட்ட அலங்காரத்தை அசையாமல் நிறுத்துகிறது. உங்களுக்குப் பிடித்திருந்த அந்த இயல்பான தோற்றத்துக்கு முடி அசைய வேண்டும். அதனால் ஹேர் ஸ்ப்ரே பக்கம் போக வேண்டாம்.

இப்போது உப்பு விஷயம். கடலில் குளித்துவிட்டு வெயிலில் காயும்போது முடி தானாகவே சற்று முரடாகி, கற்றை கற்றையாகப் பிரிந்து, அலையலையாக நிற்கும். அதைப் பாட்டிலில் அடைக்கும் முயற்சிதான் சீ சால்ட் ஸ்ப்ரே. 2001-இல் பம்பிள் அண்ட் பம்பிள் நிறுவனம் கொண்டுவந்த சர்ஃப் ஸ்ப்ரேக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. உள்ளே பெரும்பாலும் தண்ணீர், சோடியம் குளோரைடு அல்லது மக்னீசியம் சல்ஃபேட், கொஞ்சம் வாசனை. தண்ணீர் ஆவியானதும் உப்பு முடியில் தங்கும். காற்று வறண்ட ஊரில் இது அழகாக வேலை செய்யும்.

சென்னையில் நடப்பது வேறு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல் உப்பு நீர்விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் முடியில் நடப்பதும் அதேதான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் என்றில்லை. வருடத்தில் பல மாதங்கள் சென்னையின் காலைக் காற்று அந்த 75 சதவீதத்தை எட்டிவிடுகிறது. நீங்கள் ஸ்ப்ரே அடிப்பதும் சரியாக அந்த நேரத்தில். மேலே ஹெல்மெட், உள்ளே வியர்வை, வியர்வையிலும் உப்பு. அலுவலகம் போனதும் ஏ.சி. காற்றில் எல்லாம் மறுபடி காய்ந்து கெட்டியாகிறது. பிசுபிசுப்பும் வைக்கோல் முனையும் ஒரே நாளில் வருவதற்குக் காரணம் இந்த நனைதலும் காய்தலும்தான். வீட்டில் போர் தண்ணீரில் தலைக்குக் குளிப்பவராக இருந்தால் அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஏற்கெனவே முடியில் படிந்து அதை முரடாக்கியிருக்கும். அதன்மேல் இன்னும் உப்பு தேவையில்லை.

உங்களுக்குச் சரியானது உலர் டெக்ஸ்சர் ஸ்ப்ரே. ஏரோசால் கேனில் வரும். பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களும் ஆல்கஹாலும் வெளியே வந்ததும் ஆவியாகிவிடும். ஸ்டார்ச் அல்லது சிலிக்கா துகளும், அதை முடியில் லேசாகப் பிடித்து வைக்கும் ஒரு பாலிமரும் மட்டும் மிஞ்சும். இந்தத் துகள்கள் உப்பைப் போல நீர்விட்டுக் கசியாது. அதற்காக ஈரக்காற்று ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஈரம் பட்டால் முடியே தன் வடிவத்தை இழக்கும், அதை எந்த ஸ்ப்ரேயாலும் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் பிசுபிசுப்பு வராது.

வாங்கும்போது முன்பக்கத்து விளம்பர வாசகத்தைப் படித்து முடிவெடுக்காதீர்கள். பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிகம் இருப்பது முதலில் வரும். சோடியம் குளோரைடு, மக்னீசியம் சல்ஃபேட், சீ சால்ட், மாரிஸ் சால் என்ற பெயர்கள் முதல் நான்கைந்துக்குள் இருந்தால் அது உப்பு வகை. கிளிசரின் மேலே இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். அதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சிலிக்கா, ஸ்டார்ச், வி.பி./வி.ஏ. கோபாலிமர் என்றெல்லாம் பார்த்தால் நீங்கள் தேடுவது அதுதான். முதல்முறை சின்ன கேன் வாங்குங்கள். விலை கூடினால் பெரும்பாலும் கூடுவது வாசனையும், துளி எவ்வளவு நுண்மையாக விழுகிறது என்பதும். அந்த நுண்மைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மெல்லிய முடியில் பெரிய துளிகள் விழுந்தால் முடி திட்டுத்திட்டாக ஒட்டும்.

கருப்பு முடிக்கு இன்னொரு சோதனை உண்டு. ஸ்டார்ச், சிலிக்கா எல்லாம் வெள்ளைப் பொடிகள். சில ஸ்ப்ரேக்கள் நம் முடியில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். கடையில் சோதித்துப் பார்க்கும் கேன் இருந்தால் முன் நெற்றியில் அடிக்காமல் பின்கழுத்துப் பக்கம் ஒரு கற்றையில் அடித்து, விரலால் கோதிவிட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது முறை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், ஸ்ப்ரே எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

தேங்காய் எண்ணெயை விடச் சொல்ல மாட்டேன். அது முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கக்கூடியது. ஆனால் எண்ணெய் இருக்கும் முடியில் ஸ்ப்ரே அடித்தால் துகள் எண்ணெயோடு குழைந்து பசையாகிவிடும். எண்ணெயைக் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். எண்ணெய் வைத்தபடியே வெளியே போகும் நாட்களில் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். கண்டிஷனரை முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும் போடுங்கள். வேரில் பட்டால் மெல்லிய முடி படியத்தான் செய்யும்.

காயவைக்கும் விதத்துக்கு ஸ்ப்ரேயைவிட அதிக பலன் உண்டு. முடி நனைந்தால் அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிணையும். வழக்கமான வகிட்டில் வாரிவிட்டு, மண்டையோடு ஒட்டியபடி காயவிட்டால் அது அப்படியேதான் நிற்கும். ஈர முடியில் வகிட்டை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டுக் காயவிடுங்கள், அல்லது குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு டிரையரை மிதமான சூட்டில் காட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு வழக்கமான வகிட்டுக்குத் திரும்பினால் வேர்ப்பகுதி தானாகவே எழுந்து நிற்கும். பாதி உலர்ந்த முடியில் உலர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

கேனை நன்றாகக் குலுக்குங்கள். துகள் அடியில் தங்கியிருக்கும். தலையிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். மேல் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் உட்பக்கம், காது மட்டத்திலிருந்து கீழே, கையை நகர்த்திக்கொண்டே ஒரு விநாடிக்கு மேல் போகாமல் அடியுங்கள். இரண்டு பக்கமும், பின்னால் ஒருமுறை. போதும். உச்சியில் வெளிப்புறமாக அடிக்காதீர்கள். வெள்ளை தெரிவதும், முடி செயற்கையாகத் தெரிவதும் அங்கேதான். அரை நிமிடம் விட்டு, விரல்களை வேர்ப்பக்கம் நுழைத்து லேசாக உலுக்குங்கள். சீப்பு வேண்டாம், சீவினால் துகள் உதிர்ந்துவிடும். பார்க்கும்போது 'இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே' என்று தோன்றும். அங்கேயே நிறுத்துங்கள். அடித்தது வெளியே தெரியாத அளவுதான் சரியான அளவு.

உங்கள் விஷயத்தில் இதையெல்லாம் வீட்டில் செய்யவே வேண்டாம். ஹெல்மெட் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். முடியைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு வண்டி ஓட்டுங்கள். அலுவலகம் போய், வியர்வை காய்ந்த பிறகு பின்னலை அவிழ்த்து, உட்பக்கம் ஒருமுறை அடித்து உலுக்கிவிடுங்கள். பின்னலால் வந்த லேசான வளைவும் சேர்ந்து நன்றாக இருக்கும். ஆனால் கேனை வண்டியின் சீட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த எரியும் வாயு; 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று கேனிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு ஏறுவது உங்களுக்குத் தெரியும். சமையலறையிலோ சாமி விளக்கு எரியும் அறையிலோ அடிப்பதும் ஆபத்து.

தினமும் அடிக்கலாமா என்றால், வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அடித்த நாட்களுக்கு அடுத்து வரும் தலைக்குளியலில் ஷாம்பூவை மண்டையில் நன்றாகத் தேய்த்து அலசுங்கள். பொடி படிந்துகொண்டே போனால் அரிப்பு வரும், பொடுகு இருப்பவர்களுக்குக் கூடும். ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்கள் ஏரோசாலைத் தவிர்த்துவிட வேண்டும். மற்றவர்களும் ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பது நல்லது. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் யூனிலீவர் நிறுவனம் சில ஏரோசால் டிரை ஷாம்பூக்களை, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனத்தின் அளவு கூடுதலாக இருக்கலாம் என்று திரும்பப் பெற்றது. அது உங்கள் ஸ்ப்ரே இல்லைதான். ஆனால் வாயுவில் இயங்கும் எதையும் சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காமல் இருப்பதற்கு அது போதுமான காரணம்.

வாங்கிய உப்பு ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட வேண்டாம். அதே அளவு வடிகட்டிய தண்ணீர் கலந்து, ஈர முடியின் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு பம்ப் அடித்து, டிரையரில் காயவையுங்கள். நாள் முழுக்க ஏ.சி. அறைக்குள்ளேயே இருக்கும் நாளிலோ, காற்று வறண்டிருக்கும் ஊருக்குப் போகும்போதோ அது பயன்படும். சுருட்டை முடிக்காரத் தோழிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த முடி இயல்பிலேயே வறண்டது, உப்பு அதை இன்னும் உலர்த்தும். கெரட்டின், ஸ்மூத்தனிங் செய்தவர்களுக்கும் உப்பு கூடாது.

கல்யாணத்துக்கு வருகிறேன். பூ நிற்காததற்குக் காரணமும் அதே வழவழப்புதான். ஹேர்பின் பிடிக்க முடியில் உராய்வு இல்லை. முகூர்த்தத்தன்று காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள், முந்தின நாள் குளித்து முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், கண்டிஷனரும் மிகக் குறைவாக. காலையில் முடியை நான்கைந்து பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை லேசாக உலர் ஸ்ப்ரே அடித்துவிட்டு, அப்புறம் பின்னச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடிக்கலாம், பின்னலுக்குள் வெள்ளை தெரியாது. சவுரி வைப்பதாக இருந்தால் அதைக் கட்டும் இடத்தில் இன்னொருமுறை. ஹேர்பின்களையும் ஒரு காகிதத்தில் பரப்பி அவற்றின் மேலும் அடித்துக் காயவிட்டுச் சொருகினால் நழுவாது. மல்லிகைச் சரத்தை வைப்பதற்கு முன்பே எல்லா ஸ்ப்ரேயையும் முடித்துவிடுங்கள். ஆல்கஹால் பட்டால் பூ சீக்கிரம் வாடும். ஹோமத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர் என்றால், அடித்து முழுதாக உலர கால் மணி நேரமாவது விட்டுப் போங்கள். ஒரு வாரம் முன்பு ஒரு நாள் இதையெல்லாம் வீட்டில் செய்து, பூவோடு அரை நாள் இருந்து பாருங்கள். எத்தனை ஹேர்பின் தேவை, எந்த இடத்தில் நழுவுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.