புரோட்டான் பெர்டானா வி6 காடியின் பின்பக்க ஸ்பார்க் பிளக்குகளை வீட்டிலேயே மாற்றலாமா? பட்டறை போமன் (மெக்கானிக்) கூலி அதிகம் கேட்கிறார். சாக்கெட்டை நீட்டும் எக்ஸ்டென்ஷன் கம்பி எது வாங்க வேண்டும்?

மாற்றலாம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு போர்ச்சில் வைத்துத்தான் நான் மாற்றினேன். ஆனால் எக்ஸ்டென்ஷன் நீளத்தைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். அந்த எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், மூன்று முன் கண்ணாடிப் பக்கம். முன் மூன்று பிளக்கும் பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின் மூன்றின் தலைக்கு மேல் இன்டேக் பிளீனம், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பெட்டி, படுத்திருக்கிறது. அதைக் கழற்றியே ஆக வேண்டும். பிளக் மாற்ற அரை மணி நேரம் போதும். மிச்சப் பொழுதெல்லாம் பிளீனத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

போமன் கூலி அதிகம் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுதான், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குறைவாகக் கேட்பவரிடம்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காடியோடு வந்த பட்டறை பில்லில் ஆறு பிளக் மாற்றியதாக இருந்தது. பிளீனத்தைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் மூன்று புதுசு, பின்னால் மூன்றும் முனை தேய்ந்த பழசு! வெளியில் கொடுத்துச் செய்தால் பழைய பிளக் ஆறையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்வதாக இருந்தால், கழற்றுவதற்கு முன்பே பிளீனம் கேஸ்கெட் (காற்று கசியாமல் இடையில் வைக்கும் அடைப்பு) கையில் இருக்க வேண்டும். பழையதையே திரும்பப் போட்டால் காற்று கசியும். எஞ்சின் தலையின் மேல்மூடியான ராக்கர் கவருக்குப் பின்பக்க கேஸ்கெட்டையும் பிளக் குழி சீல்களையும் சேர்த்தே வாங்குவது நல்லது. குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அவற்றை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிளக்கில் இரிடியம் அல்லது பிளாட்டினத்தில் நீண்ட ஆயுள் வகையைப் போடுங்கள். சாதாரண நிக்கல் பிளக் 20,000, 30,000 கிலோமீட்டரில் மறுபடியும் இதே வேலையை வைக்கும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதை நான் தொடமாட்டேன், போலி நிறைய.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும், பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுங்கள். பிளீனத்தில் மாட்டியிருக்கும் வேக்குவம் ஹோஸ் (ரப்பர் குழாய்) ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதி, போனில் படமும் எடுங்கள். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது; அட்டையில் பிளீனத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. பிளீனம் வெளியே வந்ததும் முதல் வேலை, திறந்திருக்கும் காற்றுத் துளைகளைச் சுத்தமான துணியால் அடைப்பது. உள்ளே ஒரு நட்டு விழுந்தாலும் எஞ்சின் தலையைத் திறக்க வேண்டி வரலாம். மூடும்போது துணிகளை எண்ணி எடுங்கள்.

பிளக்கை அவிழ்க்கும் முன் குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் போதும். கேபிளை ரப்பர் முனையில் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். பிளக் பாதியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். அலுமினியத்தில் மரை போனால் செலவு பெரிது.

புதியதைப் போடும்போது ராட்செட் வேண்டாம். ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸை பிளக்கின் பீங்கான் தலையில் மாட்டி, விரலால் திருகி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும், பிளக் தப்பிக்கும். கை இறுக்கம் முடிந்தபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு, அலுமினியத் தலையில், 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால், புது பிளக்காக இருந்தால், வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்கும் குறைவு. மரையில் கிரீஸ், ஆன்டி-சீஸ் (மரை ஒட்டாமல் தடவும் பசை) எதுவும் தடவ வேண்டாம்; பூச்சு உள்ள பிளக்குக்கு அது தேவையில்லை, தடவினால் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

நீங்கள் கொண்டோவில் (அடுக்குமாடியில்) இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள், பல இடங்களில் பார்க்கிங்கில் ரிப்பேர் வேலைக்குத் தடை. திறந்தவெளியில் செய்யவே வேண்டாம். கோலாலம்பூர் மத்தியான மழை எப்போது கொட்டும் என்று யாருக்குத் தெரியும்?

பிளீனம் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்ததும், மிதிக்காமலே எஞ்சின் சுற்றும் வேகம் (ஐடில்) ஏறி நின்றாலோ, 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டாலோ எங்கோ காற்று கசிகிறது. எல்லாம் சரியாக இருந்தால் காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா ஏற்றம் வரை ஒரு ஓட்டம் விடுங்கள். சமவெளியில் ஒளிந்திருக்கும் மிஸ்ஃபையர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது) மேட்டில் மிதிக்கும்போது தெரிந்துவிடும். அப்போதும் உதறினால் அப்படியே ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அடுத்துப் பார்க்க வேண்டியது பிளக் கேபிள்.