பாத்ரூம் தரை ஒழுகும்போது: டைல்ஸ் மேல் டைல்ஸா, உடைத்துப் போடுவதா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு 20 வயது. 8-க்கு 5 அடி பாத்ரூமில் டைல்ஸ் வழுக்குகிறது. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதம் வேறு. பழைய டைல்ஸ் மேலேயே ஒட்ட 24,000 ரூபாய், உடைத்துப் போட 62,000 ரூபாய் என்கிறார் கான்ட்ராக்டர். எஃப்.டி.யில் 2 லட்சம் இருக்கிறது, வட்டி 7%. அதைத் தொடாமல் 14% வட்டியில் 2 வருட பர்சனல் லோன் வாங்கலாமா? மாதச் செலவு 30,000.

பதில்: கீழே ஓதம் வந்துவிட்டதால் 24,000 ரூபாய் வேலையை மறந்துவிடுங்கள். தண்ணீர் டைல்ஸுக்கு அடியிலோ நானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் குழி) ஓரத்திலோ இறங்குகிறது. மேலே ஒட்டினால் அந்த வழி அப்படியேதான் இருக்கும். ஒழுகல் இல்லாத பாத்ரூம் என்றால் ஒட்டுவது தப்பில்லை. ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வருவதைப் பெயர்த்துப் பூசிவிட்டு ஒட்டலாம். ஆனால் தரை ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டிவரும்.

இப்போது பணம். 62,000 ரூபாய்க்கு இ.எம்.ஐ. சுமார் 2,980; இரண்டு வருடத்தில் வட்டி 9,450 ரூபாய், பிராசஸிங் கட்டணம் தனி. அதே 62,000 எஃப்.டி.யில் இருந்தால் 9,230 கிடைக்கும். இரண்டும் சரிக்குச் சரி என்று தோன்றும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப்.டி.யை எடுத்துச் செலவழித்துவிட்டு, அந்த 2,980-ஐ மாதாமாதம் 6.5% ஆர்.டி.யில் (மாதாந்திரச் சேமிப்பு வைப்பு) போட்டால் முடிவில் கையில் 76,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். லோன் வழியில் எஃப்.டி. 71,230 ரூபாயாகத்தான் நிற்கும். ஆர்.டி. போடாமல் அந்தப் பணம் கரைந்துவிடும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. எஃப்.டி.யை முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். முதிர்வுக்குச் சில மாதங்களே இருந்தால் அதன் மேலேயே கடன் வாங்குங்கள், பர்சனல் லோனைவிட வட்டி குறைவு. 2 லட்சத்தில் 62,000 போனால் மிச்சம் 1,38,000 ரூபாய், நாலரை மாதச் செலவுக்குக் காணும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கொட்டேஷனில் கழிவு அகற்றுவது, கமோடைக் கழற்றி மாட்டுவது, நானி டிராப் மாற்றுவது எல்லாம் உண்டா என்று பாருங்கள். பட்ஜெட் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். கீழ்வீட்டுச் சீலிங் பெயின்ட் செலவையும் ஒதுக்குங்கள். அது காய்ந்த பிறகுதான் அடிக்க முடியும்.

பணத்தைத் தவணைகளாகப் பிரித்து வேலையோடு கட்டிப்போடுங்கள். உடைத்த பின் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், சுவரில் ஓரடி ஏற்றி அடிக்க வேண்டும். காய்ந்ததும் டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். சொட்டவில்லை என்றால்தான் இரண்டாம் தவணை. டைல்ஸ் பதித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள்; மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை, கடைசி 10 சதவீதத்தை நிறுத்திவையுங்கள்.

டைல்ஸை நீங்களே வாங்குங்கள். 300 மில்லிமீட்டர் சதுர ஆன்டி-ஸ்கிட் (வழுக்காத) டைல் 40 சதுர அடிக்கு 42 ஆகும். வெட்டுச் சேதம் சேர்த்தால் 46. பத்து டைல் பெட்டி என்றால் ஐந்து, எல்லாம் ஒரே பேட்ச் எண்ணில். மிஞ்சுவதைக் கடைக்குத் திருப்பாமல் பரணில் போட்டுவையுங்கள். நாளைக்கு ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.